எந்த ஹாம்லெட்டை வெட்டினார்கள்?

ஹாம்லெட் படங்களைப் பற்றிய கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "நான்காம் அங்கத்தின் முக்கியமான தனிமொழியை இயக்குநர் நீக்கிவிட்டார்." நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸின் படை போலந்தை நோக்கிப் போகிறது. ஒரு துண்டு நிலத்துக்காக இத்தனை ஆயிரம் பேர் சாகத் துணிகிறார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று ஹாம்லெட் தன்னையே ஏசிக்கொள்ளும் இடம் அது. மொத்தம் 35 வரி. படத்தில் அது இல்லாமல் இருக்கலாம். ஆனால் 1623 ஃபோலியோவிலும் (ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்த பெரிய அளவுப் புத்தகம்) அந்தத் தனிமொழி கிடையாது. 1604-05 குவார்ட்டோவில் (ஒரே நாடகத்தை அச்சிட்ட சிறிய அளவுப் புத்தகம்) மட்டும்தான் இருக்கிறது. ஷேக்ஸ்பியரோ அவருடைய குழுவோ அச்சகமோ, யாரோ ஒருவர் 400 வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டதை இன்றைய இயக்குநர் தலையில் கட்டுகிறோம்.

மறுமலர்ச்சி கால நாடகத்தையும் அதன் திரைவடிவத்தையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் வழுக்கி விழும் முதல் படி இதுதான். "மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா?" என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறார்கள். எந்த மூலம் என்று கேட்பதில்லை.

ஹாம்லெட்டுக்கு மூன்று மூலங்கள். 1603-இல் வந்த முதல் குவார்ட்டோ சுமார் 2,200 வரி. அதில் அரசவை ஆலோசகர் பொலோனியஸின் பெயர் கொராம்பிஸ். "இருப்பதா, இல்லாமல் போவதா" தனிமொழி "ஆமாம், அதுதான் விஷயம்" என்கிற மாதிரி நொண்டியடித்து ஓடும். இப்போது உலகத்தில் இரண்டே பிரதிகள் மிச்சம். முதலாவது கண்ணில் பட்டதே 1823-இல்தான். 1604-05 இரண்டாம் குவார்ட்டோ ஏறக்குறைய 3,800 வரி. 1623 ஃபோலியோ அதைவிடக் கொஞ்சம் குறைவு: குவார்ட்டோவில் உள்ள சுமார் 230 வரிகள் இங்கே இல்லை, அங்கே இல்லாத சுமார் 70 வரிகள் இங்கே இருக்கின்றன. "டென்மார்க் ஒரு சிறைச்சாலை" என்ற புகழ்பெற்ற பேச்சு அந்த 70-க்குள் வருகிறது. நடிக்கும் சிறுவர் குழுக்களைப் பற்றிய கிண்டலும் அப்படியே.

நாம் வகுப்பில் படித்த புத்தகம் பெரும்பாலும் இவற்றில் எதுவுமே இல்லை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து பதிப்பாசிரியர்கள் குவார்ட்டோவையும் ஃபோலியோவையும் சேர்த்துத் தைத்து ஒரு நீண்ட நாடகம் செய்து வைத்தார்கள். அந்தத் தையலைத்தான் மூலம் என்று நம்புகிறோம். கென்னத் பிரானாவின் 1996 படம் "முழு ஹாம்லெட்" என்று பேர் வாங்கியது. ஃபோலியோவை அடிப்படையாக வைத்து, குவார்ட்டோவில் மட்டும் உள்ளவற்றையும் சேர்த்துக்கொண்ட 242 நிமிடப் படம். முழுமை சரிதான். ஆனால் அந்த முழுமை ஷேக்ஸ்பியர் காலத்து அச்சுப் புத்தகம் எதிலும் இருந்ததில்லை.

ஆகவே வேலையைத் தொடங்கும்போதே ஒரு நாடகம் எத்தனை வடிவில் அச்சானது என்று பார்த்துவிட வேண்டும். மேக்பெத்தில் தலைவலி இல்லை, ஃபோலியோ மட்டும்தான். அதிலும் சூனியக்காரிகளின் இரண்டு பாட்டுகள் அதே காலத்து நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனின் நாடகத்திலிருந்து வந்தவை என்பதை மறக்கக் கூடாது. லியர் அரசனில் சிக்கல் பெரிது. புயல் இரவில் லியர் தன் மகள்களைக் கற்பனையாக நிறுத்தி விசாரிக்கும் பைத்தியக்கார நீதிமன்றம் 1608 குவார்ட்டோவில் உண்டு, ஃபோலியோவில் இல்லை. கடைசி வசனத்தைக் குவார்ட்டோவில் அல்பனி பேசுகிறான், ஃபோலியோவில் எட்கர். நாடு யார் கையில் போகிறது என்பதே இதில் மாறிவிடுகிறது. ஒத்தெல்லோவில் டெஸ்டிமோனாவின் வில்லோ பாட்டு 1622 குவார்ட்டோவில் கிடையாது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் 1604, 1616 என்று இரண்டு உருவங்களில் அச்சானது. பிந்தியது சுமார் 600 வரி அதிகம். அந்த நாடகத்தில் கூடுதல் காட்சிகள் எழுத 1602-இல் இரண்டு பேருக்கு 4 பவுண்டு கொடுத்ததாக நாடக அரங்க முதலாளி ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த 1967 படத்தை எடுத்துக்கொள்கிறவர் முதலில் இந்த இரண்டில் எதைப் பக்கத்தில் வைக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும்.

இனி வெட்டுக் கணக்கு: நூலில் உள்ளதில் எது படத்தில் போயிற்று, எது மாறியது என்ற பட்டியல். இதைச் செய்யாமல் எழுதுகிற கட்டுரைகள்தான் அதிகம். செய்தவர்களின் கட்டுரை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஃபோலியோவின் நகல் பதிப்பிலோ அதிலிருந்து எடுத்த இணையப் பிரதியிலோ ஓரத்தில் தொடர் எண் இருக்கும். சார்ல்டன் ஹின்மன் 1968-இல் கொண்டுவந்த எண்முறை அது. அங்கம், காட்சி என்று பிரிக்காமல், மேடைக் குறிப்பையும் சேர்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே ஓட்டமாக எண் போடுவார்கள். பதிப்புக்குப் பதிப்பு அங்கப் பிரிவு மாறினாலும் இந்த எண் மாறாது. அந்தப் பிரதியை வலப்பக்கம் மூன்று விரல் ஓரம் விட்டு அச்செடுத்துக்கொள்வது நல்லது.

படத்தை முதல் தடவை பேனா இல்லாமல் பார்க்க வேண்டும். இரண்டாம் தடவை பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி. நான்கு குறிகள் போதும்: வெட்டியது, இடம் மாறியது, பேசுகிற ஆள் மாறியது, சொல் மாறியது அல்லது சேர்ந்தது. நான்கில் மூன்றாவதுதான் அதிகம் தப்பிப்போகும். லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த 1948 ஹாம்லெட்டில் ஃபோர்டின்பிராஸ் இல்லை என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அவனுடைய கடைசி ஆணை ஹொரேஷியோவின் வாய்க்குப் போனதைச் சிலர்தான் எழுதுவார்கள். வெளியிலிருந்து வந்த அரசன் உத்தரவாகச் சொன்னதை நண்பன் துக்கமாகச் சொல்கிறான். அரசியல் முடிவு சொந்த இழப்பாகச் சுருங்குவது அந்த ஒரே கைமாற்றத்தில் நடக்கிறது.

மூன்றாம் தடவை, தேர்ந்தெடுத்த ஒரு காட்சிக்கு மட்டும், ஷாட் ஷாட்டாக. எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) யார், யார் பேசுகிறார், யார் கேட்கிறார், என்ன சத்தம் என்று ஒரு விரிதாள். முழுப் படத்துக்கும் இதைச் செய்ய நினைத்தால் ஆய்வுக் காலம் முடிந்துபோகும். ஒரு காட்சியை முழுசாகச் செய்தாலே நிறையக் கிடைக்கும்.

எண்ணிக்கையில் விழும் குழிகள் உண்டு. முதலாவது உரைநடை. செய்யுள் வரி எந்தப் பதிப்பிலும் அதே வரிதான். உரைநடை வரி பக்க அகலத்தைப் பொறுத்து மாறும். ஹாம்லெட் பொலோனியஸை மீன்காரன் என்று நையாண்டி செய்யும் பகுதி ஒரு பதிப்பில் 40 வரி என்றால் இன்னொன்றில் 50. ஆகவே "எத்தனை சதவீதம் வெட்டு" என்று சொல்லப்போகிறீர்களானால் வரியை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணுங்கள். இணையப் பிரதியை வைத்துக்கொண்டால் இது அரை மணி வேலை.

இரண்டாவது நேரம். திரையரங்கில் விநாடிக்கு 24 சட்டம் ஓடும் படம், பழைய பால் (PAL) தொலைக்காட்சி முறை டிவிடியில் 25 சட்டமாக ஓடும். 4 சதவீத வேகம். பிரானாவின் 242 நிமிடம் அதில் சுமார் 232 நிமிடமாகிவிடும். குரலும் கொஞ்சம் மேலேறும். ஒருவர் 242 என்கிறார், இன்னொருவர் 232 என்கிறார், நடுவில் பத்து நிமிடக் காட்சி வெட்டப்பட்டதாக மூன்றாமவர் கண்டுபிடிக்கிறார். எந்த வட்டு, எந்த நாட்டு வெளியீடு என்று அடிக்குறிப்பில் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றாவது, ஒரே பெயரில் பல படங்கள். ஆர்சன் வெல்ஸின் 1948 மேக்பெத் முதலில் ஸ்காட்லாந்து உச்சரிப்போடு வந்தது. பிறகு ஏறக்குறைய இருபது நிமிடம் குறைத்து, வசனத்தை மறுபடி பதிவுசெய்து 1950-இல் விட்டார்கள். முதல் வடிவம் மீட்கப்பட்டது 1980-இல். இடையில் வந்த விமர்சனங்கள் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதப்பட்டவை என்று கேட்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. அவருடைய ஒத்தெல்லோவின் 1992 மீட்புப் பதிப்பில் இசையை மறுபடி வாசித்துப் பதிந்தார்கள், வசனத்தையும் உதட்டசைவோடு புதிதாகப் பொருத்தினார்கள். அந்த வட்டை வைத்துக்கொண்டு வெல்ஸின் ஒலியமைப்பைப் பற்றி எழுதினால், எழுதுவது வேறு யாருடைய வேலையையோ பற்றித்தான்.

அச்சில் வந்த திரைக்கதையையும் நம்பி வெட்டுக் கணக்குப் போடக் கூடாது. அது எடுக்க நினைத்த படம். படத்தொகுப்பு மேசையில் போனது அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். சப்டைட்டில் இன்னும் மோசம், இடம் இல்லாததால் சொற்களை விழுங்கும். சப்டைட்டிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு எதற்கு என்று கேட்கலாம். "இருப்பதா" தனிமொழியையே எடுத்துக்கொள்வோம். குவார்ட்டோ, ஃபோலியோ இரண்டிலும் வரிசை இது: நடிகர்கள் வருகிறார்கள், நாடகம் போட்டு ராஜாவின் மனச்சாட்சியைப் பிடிப்பேன் என்று ஹாம்லெட் துள்ளுகிறான், அடுத்த காட்சியிலேயே வந்து சாவைப் பற்றிப் பேசுகிறான், பிறகு காதலி ஒஃபீலியாவோடு சண்டை. திட்டம் கையில் இருக்கும்போது ஏன் இந்தச் சோர்வு? நடிக்கிறவர்களுக்கு இது தீராத தொல்லை. 1603 முதல் குவார்ட்டோவில் தனிமொழியும் ஒஃபீலியா காட்சியும் நடிகர்கள் வருவதற்கு முன்பே வந்துவிடும். சோர்வு முதலில், திட்டம் பிறகு. மோசமான பிரதி என்று ஒதுக்கப்பட்டதில்தான் இந்த வரிசை நேராக இருக்கிறது.

ஒலிவியே இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, தனிமொழியை ஒஃபீலியா சண்டைக்குப் பின்னால் வைத்தார். படிக்கட்டில் விழுந்து அழும் ஒஃபீலியாவை விட்டுவிட்டுக் கேமரா சுழல் படிகளில் மேலே மேலே ஏறி, கோட்டை உச்சிக்குப் போய், கீழே கடல் கொந்தளிக்க, ஹாம்லெட்டின் பின்னந்தலைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. பாதி வசனம் மூடிய உதட்டுக்குப் பின்னால் குரலாக வரும், பாதி வாய் திறந்து. கையிலிருந்த குத்துவாள் நழுவிக் கடலில் விழுகிறது. இந்த வரிசையில் பார்த்தால், காதலில் தோற்றவன் தற்கொலையை யோசிக்கிறான். ஸெஃபிரெல்லியின் 1990 படமும் இதே மாதிரி சண்டைக்குப் பின்னால் வைத்து, முன்னோரின் நிலவறைக் கல்லறையில் பேச வைத்தது.

பிரானா நூலின் வரிசையை மாற்றவில்லை. மாற்றியது இடத்தை. சுற்றிலும் கண்ணாடிக் கதவுகள் உள்ள பெரிய மண்டபம். ஹாம்லெட் தன் பிம்பத்தைப் பார்த்துப் பேசுகிறான். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ராஜா கிளாடியஸும் பொலோனியஸும் நிற்கிறார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அது வெறும் கண்ணாடிச் சன்னல். குத்துவாளை எடுத்துத் தன் பிம்பத்துக்கு நேரே நீட்டும்போது அது ராஜாவின் முகத்துக்கும் நேரே நீள்கிறது. தனிமொழி என்று நாம் சொல்வதை நூலில் இரண்டு பேர் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பல படங்கள் வெட்டியெறிந்த அந்தச் சூழலை இந்தப் படம் கண்ணாடியாகவே கட்டிவிட்டது. மைக்கேல் அல்மெரெய்டா 2000-இல் அதே வரிகளை நியூயார்க்கில் ஒரு வீடியோ கடைக்குள் பேச வைத்தார், "ஆக்‌ஷன்" என்று எழுதிய அலமாரிகளுக்கு நடுவே. செயல் என்ற சொல்லே அடிபட்டுப்போகிறது என்று முடிகிற தனிமொழி அது. கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் தூக்கல்தான், ஆனாலும் பலிக்கிறது.

வெட்டு ஒரு படத்தின் அரசியலை எப்படிச் செய்கிறது என்பதற்கு ஐந்தாம் ஹென்றி போதும். ஒலிவியேயின் 1944 படம் இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே வந்தது, பாராசூட் படையினருக்கும் கமாண்டோக்களுக்கும் அர்ப்பணம் செய்யப்பட்டது. சவுத்தாம்ப்டனில் பிடிபடும் மூன்று துரோகிகள் இல்லை. ஹார்ஃப்ளூர் நகரத்தாரிடம் உங்கள் குழந்தைகளை ஈட்டியில் குத்துவோம் என்று ஹென்றி மிரட்டுவது இல்லை. ஹென்றியின் பழைய கூட்டாளி பார்டால்ஃபைத் தூக்கில் போடுவது இல்லை. கதைசொல்லியாக வரும் கோரஸின் கடைசிப் பேச்சில், வென்ற பிரான்ஸை அடுத்த தலைமுறை தோற்றுவிட்டது என்று சொல்வதும் போயிற்று. பிரானாவின் 1989 படம் இவற்றையெல்லாம் மீட்டது. பார்டால்ஃபின் தூக்கைக் கண்ணெதிரே காட்டியது. போர் எதிர்ப்புப் படம் என்று பேர். ஆனால் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளைக் கொல்லச் சொல்லி ஹென்றி போடும் உத்தரவு நூலில் இருக்கிறது. ஒலிவியேயும் காட்டவில்லை, பிரானாவும் காட்டவில்லை. வெட்டுக் கணக்கு எழுதி வைத்தவர் கண்ணுக்குத்தான் இந்த ஒற்றுமை படும். சேறும் ரத்தமும் பார்த்து அசந்துபோனவர் கண்ணுக்குப் படாது.

மொழி மாறும் படங்களில் கணக்கு வேறு மாதிரி. கோசின்ட்ஸேவின் 1964 ரஷ்ய ஹாம்லெட் பாஸ்தர்நாக்கின் மொழிபெயர்ப்பில் பேசுகிறது. ஆங்கில சப்டைட்டில் போடுகிறவர்கள் பல பிரதிகளில் ரஷ்யனை மொழிபெயர்க்காமல் ஷேக்ஸ்பியர் வரியையே கீழே ஒட்டிவிடுவார்கள். பார்க்கிறவருக்கு இவர்கள் மூலத்தைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். பாஸ்தர்நாக் சுருக்கியது, எளிமையாக்கியது எதுவும் தெரியாது. ரஷ்யன் தெரியாவிட்டால் வசனத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் படியுங்கள்: ஹாம்லெட் குதிரையில் உள்ளே நுழைந்ததும் கோட்டைப் பாலம் மேலேறுவதை, இரும்புப் பல்கதவு இறங்குவதை, ஒஃபீலியாவுக்கு இரும்புக் கூண்டு மாதிரி உள்ளாடையைப் பூட்டுவதை. "டென்மார்க் சிறைச்சாலை" என்ற ஃபோலியோ வரி படம் முழுக்கக் கல்லும் இரும்புமாக இருக்கிறது. இது அகலத்திரைப் படம். பழைய தொலைக்காட்சி அளவுக்கு ஓரம் நறுக்கிய பிரதியில் பார்த்தால் பாதிச் சுவர் போய்விடும்.

விஷால் பாரத்வாஜின் ஹைதர் (2014) அந்தச் சிறையைக் காஷ்மீருக்குக் கொண்டுபோனது. கதை நடப்பது 1995-இல். ஸ்ரீநகர் லால் சௌக்கில் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு நின்று ஹைதர் கேட்பது "ஹம் ஹைன் கே ஹம் நஹீன்". 'ஹம்' என்றால் நாம். அந்தப் பக்கத்துப் பேச்சில் நான் என்றும் பொருள்படும். இருக்கிறோமா இல்லையா. ஒருவன் தனக்குத்தானே கேட்ட கேள்வி, சுற்றி நிற்கிற கூட்டத்தின் கேள்வியாகிவிடுகிறது, ஒரே ஒரு பிரதிப்பெயரில். தந்தையின் ஆவிக்குப் பதில் அதே சிறையில் கிடந்த ஒருவன் உயிரோடு வந்து செய்தி சொல்கிறான். பெயர் ரூஹ்தார், ரூஹ் என்றால் ஆவி. கடைசியில் ஹைதர் சித்தப்பனைக் கொல்லாமல் விட்டுவிட்டு நடக்கிறான். இந்த மாதிரிப் படத்தில் வரிக்கு வரி ஒப்பிடுவது வீண். எந்தப் பாத்திரத்தின் வேலை யாருக்குப் போயிற்று என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டால் தேவையானது கிடைக்கும். தமிழ் மேடையில் ஹாம்லெட்டை அமலாதித்தனாக்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் தழுவல்களுக்கும் இதே அட்டவணை செல்லும். அதைப் பொறுமையாக ஒருவர் செய்து வைத்தால் நன்றாக இருக்கும்.

ஷேக்ஸ்பியரைத் தாண்டினால் படங்கள் கொஞ்சம்தான். "பழிவாங்குபவனின் துயரநாடகம்" என்ற நாடகத்தை அலெக்ஸ் காக்ஸ் 2002-இல் எதிர்கால லிவர்பூலில் எடுத்தார். 1607-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சான அந்த நாடகம் நெடுங்காலம் சிரில் டர்னர் (Tourneur) என்ற நாடகாசிரியர் பெயரில் இருந்து இப்போது மிடில்டன் கணக்கில் ஏறியிருக்கிறது. ஆசிரியர் பெயரைப் பழைய புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் கவனிக்க.

இவற்றில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது டெரெக் ஜார்மனின் இரண்டாம் எட்வர்ட் (1991). மார்லோவின் நாடகம் 1594 குவார்ட்டோ. படம் நிலவறையில் தொடங்குகிறது: கைதியான அரசன், அவனைக் கொல்ல வந்திருக்கும் லைட்பார்ன். மற்றதெல்லாம் அங்கிருந்து நினைவாக விரிகிறது. ஓரினக் காதலர் உரிமைப் போராளிகளின் பதாகைகளோடு ஒரு கூட்டம் எட்வர்டின் படையாக நிற்கிறது. ஓரினக் காதலை உள்ளாட்சி அமைப்புகள் ஊக்குவிக்கக் கூடாது என்று 1988-இல் பிரிட்டனில் வந்த 28ஆம் பிரிவுச் சட்டத்தின் காலம் அது. முடிவில் இரண்டு சாவு உண்டு. ஒன்றில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கொலை, கெட்ட கனவு போல. இன்னொன்றில் லைட்பார்ன் கம்பியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அரசனை முத்தமிடுகிறான்.

"மார்லோவின் முடிவை ஜார்மன் தலைகீழாக்கினார்" என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். குவார்ட்டோவைத் திறந்து அந்தக் காட்சியைப் பாருங்கள். லைட்பார்ன் பக்கத்து அறையில் நெருப்பு மூட்டச் சொல்கிறான், கம்பியைச் சிவக்கக் காய்ச்சச் சொல்கிறான், ஒரு மேசையும் இறகு மெத்தையும் கேட்கிறான். கொலை நேரத்தில் மேசையை ஓடிப்போய் எடுத்துவா என்கிறான், அதை மேலே போட்டு மிதியுங்கள், உடம்பில் காயம் தெரியாதபடி மெதுவாக என்கிறான். கம்பி மேடைக்கு வந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அதைப் பயன்படுத்தியதாக ஒரு வரியும் இல்லை. கம்பியால் கொன்ற செய்தி மார்லோ படித்த ஹோலின்ஷெட் வரலாற்றில் இருக்கிறது. அங்கிருந்து பதிப்பாசிரியர்கள் அடைப்புக்குறிக்குள் எடுத்துவந்து மேடைக் குறிப்பாகப் போட்டார்கள். ஜார்மனின் லைட்பார்ன் தண்ணீரில் எறிவது அந்த அடைப்புக்குறிக் கம்பியை.